இன்னும் கொஞ்சம் மல்லி செண்ட்

பக்கத்து ஃப்ளாட் ரம்யாவுக்கு வாசனை மெழுகுவத்தி செய்யக் காட்டிக்கொண்டிருந்தேன். கொதிக்கிற தண்ணீரில் வைத்த கிண்ணத்தில் மெழுகு உருகி, அந்த வாடை எழுந்தது. பட்டாபிராமிலிருந்து ஒரே மூச்சில் நான் வளர்ந்த முத்தாபுதுப்பேட்டை வீட்டுக்கு நினைப்பில் போய்விட்டேன்.

அப்பா அங்கே கல்லறைத் தோட்டத்துக் காவல்காரர். கல்லறைத் திருநாளுக்கு மறுநாள், சமாதிகளில் உருகிக் கிடக்கும் மெழுகைச் சுரண்டிச் சாக்கில் கொண்டுவருவார். அம்மா அதைப் பால் டின்னில் உருக்குவாள். செவ்வந்தி இதழும் கரியும் போகப் பழைய புடவையில் வடிகட்டி, மல்லி செண்ட் நாலு சொட்டு விட்டு, திரி கட்டிய பப்பாளி இலைக் காம்புக்குள் ஊற்றுவாள். கரண்ட் போனால் எங்களுக்கு அதுதான் வெளிச்சம். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் படிப்பேன்.

"இன்னாடி, கல்லறை வாட அடிக்குதா? இன்னும் கொஞ்சம் மல்லி செண்ட் உடு, போயிடும்" என்பாள் அம்மா, அடுத்த தடவை உருக்கும்போது.

கிறிஸ்துமஸுக்கு என் தோழி ஸ்டெல்லா வீட்டுக்குக் கூப்பிட்டபோது, அம்மா அதில் ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தனுப்பினாள். ஸ்டெல்லாவின் அம்மா முகர்ந்து பார்த்தார்.

"மல்லிப்பூ கணக்கா கீதே! எங்கம்மா கல்லறையில இதத்தான் ஏத்தப்போறேன். எங்க கண்ணு வாங்கின?"

அம்மா செய்தாள் என்று சொல்ல வாய் வரவில்லை. "பாரிஸ் கார்னர்ல, ஆன்ட்டி" என்றேன்.

"இவ்ளோ பக்குவமா யாரு அக்கா கத்துக்கொடுத்தாங்க?" என்று கிண்ணத்தைக் கிளறிக்கொண்டே ரம்யா கேட்டாள்.

"யூட்யூப்ல பாத்ததுதான்" என்றேன்.

வாடை இன்னும் போகாத மாதிரியே இருந்தது. லாவெண்டர் எண்ணெயை இன்னும் கொஞ்சம் விட்டேன்.