கன்னியப்பன் காலடியில் ஒரு வரி

நெல்லித்தோப்பில் ஒரு ஜெராக்ஸ் கடை. முன்பக்கம் உரிமையாளர் இளஞ்செழியனும் நகலெடுக்கும் இயந்திரமும். பிளைவுட் தடுப்புக்குப் பின்னால் ஒரு கணினி, ஒரு மேசை மின்விசிறி, சுமலதா. ஒன்பது ஆண்டுகளாக அந்த இடம் மாறவில்லை. கணினி மட்டும் இரண்டு முறை மாறியது.

சுமலதா டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவர். அதை நம்பிப் பலமுறை அரசுத் தேர்வு எழுதினார். பிறகு எழுதுவதை விட்டார். கல்யாணப் பேச்சும் ஏறக்குறைய அதே காலத்தில் நின்றுபோனது. முப்பத்தேழு வயதில் தம்பி குடும்பத்தோடு இருந்தார். தம்பி வீடு கட்டியபோது புதுமனை புகுவிழா அழைப்பிதழை அவர்தான் அடித்துக் கொடுத்தார். தம்பி எழுதிக் கொடுத்த பட்டியலில் அவர் பெயர் இல்லை. இத்தனைக்கும் அந்த அட்டையில் இடம் நிறையவே இருந்தது.

அவரைத் திறமைசாலி என்று சட்டென்று சொல்லிவிட எனக்கு மனம் வருவதில்லை. பெரும்பாலான வேலைகளை அவர் சுமாராகத்தான் செய்தார். படத்தைச் சுற்றி எழுத்து ஓட வேண்டுமென்றால், பேஜ்மேக்கர் மென்பொருளில் படத்தைச் சுற்றி விழும் புள்ளிக்கோட்டை எட்டு இடத்தில் இழுத்துவிடுவார். அவ்வளவுதான். எழுத்துகள் ஒரு முழம் தள்ளி நின்று படத்தை வேடிக்கை பார்க்கும். யாரும் குறை சொன்னதில்லை.

நெருக்கமாகச் சுற்றவும் அவருக்குத் தெரியும். அதற்கு எழுபது எண்பது இடத்தில் கோட்டை மடக்க வேண்டும். ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் பக்கத்திலுள்ள வரிகளெல்லாம் கலைந்து மறுபடி உட்காரும். ஸ்பேஸ் பாரை இடது கட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டால் எழுத்துகள் அசையாமல் காத்திருக்கும். அந்த விரல் அவருக்கு இரண்டு வருடமாக வலித்தது. வேலை முடிந்தாலும் தமிழ்ச் சொல் நீளமானது. கால் அங்குல இடைவெளியில் தானாக நுழையாது. எங்கே உடைப்பது என்று பார்த்துப் பார்த்துக் கையால் உடைக்க வேண்டும்.

இரண்டாயிரத்து மூன்றில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கடலோரக் கிராமம் ஒன்றிலிருந்து விமல்ராஜும் அவருடைய தாயார் முத்தம்மாளும் வந்தார்கள். விமல்ராஜின் அப்பா கன்னியப்பன் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. முதலாம் ஆண்டு நினைவஞ்சலி அட்டை அடிக்க வேண்டும். ஒரு பக்கம்தான். தட்டாஞ்சாவடி அச்சகத்துக்கு நான்கு மணிக்குள் போயாக வேண்டும்.

படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. புதுப் படகு கடலில் இறக்கிய அன்று எடுத்தது. கன்னியப்பன் இடுப்பில் ஒரு கை வைத்து, தோளில் துண்டோடு வெறுங்காலில் நிற்கிறார்.

"படகு வாணாங்க்கா. அத வித்தாச்சி" என்றார் விமல்ராஜ். "அப்பா மட்டும் நிக்கணும். சினிமாப் பத்திரிகையில நடிகருங்கள சுத்தி எழுத்து வளைஞ்சி வளைஞ்சி வருமே, அந்த மாதிரி."

"மார்பளவு போட்டுக்கலாமா? இடம் மிச்சமாகும்."

"செத்தவர வெட்டுவாங்களா?" என்றார் முத்தம்மாள். அன்று அவர் பேசிய முதல் வார்த்தை அது.

சுமலதா வழக்கம்போல் எட்டுப் புள்ளியில் முடித்தார். விமல்ராஜ் எழுதித் தந்த வாசகமும் பெயர்ப் பட்டியலும் சரியாக அடி ஓரம்வரை வந்து நின்றன. எழுத்தை இதற்குமேல் சிறிதாக்கினால் ஊரில் பாதிப் பேருக்குக் கண் தெரியாது.

அப்போது முத்தம்மாள், "ஜெயசித்ரா பேரு வந்துச்சாம்மா?" என்று கேட்டார்.

ஜெயசித்ரா அவருடைய ஒரே மகள். வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு போய் மூன்று வருடம். அப்பன் சாவுக்கு வந்தவளைத் தெருமுனையிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"இடம் இல்லம்மா" என்றார் விமல்ராஜ். "பாரு, அடிவரைக்கும் வந்துடுச்சி. நான் வாணாம்னா சொல்றேன்? இடம் இல்ல. நீங்களே சொல்லுங்கக்கா."

"இப்ப இல்ல" என்றார் சுமலதா.

"இப்ப இல்லன்னா?" முத்தம்மாள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். "காரியப் பத்திரிகை அடிச்சப்ப நான் உள்ள கெடந்தேன். என்ன யாரும் ஒரு வார்த்த கேக்கல. இதுலயும் இல்லன்னா அவ இந்த மனுஷனுக்குப் பொறக்கலன்னே ஆயிடும்."

சுமலதா கடிகாரத்தைப் பார்த்தார். மணி பதினொன்றரை. விரலை நீவிவிட்டுக்கொண்டார். புள்ளிக்கோட்டைக் கன்னியப்பனின் காதருகே கொண்டுபோய் முதல் மடிப்பை இழுத்தார்.

அதை இரக்கம் என்று சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'இப்ப' என்ற சொல் வாயிலிருந்து தவறி விழுந்துவிட்டது. சொன்னதைப் பொய்யாக்காமலிருக்க வேண்டிய சலிப்புதான் அது. மனிதர்கள் செய்யும் நல்ல காரியங்களில் கணிசமானவை இப்படித்தான் நடக்கின்றன என்பது என் எண்ணம்.

ஒரு மனிதன் எந்த இடத்தில் முடிகிறான் என்று நாம் யோசிப்பதில்லை. சுமலதா அதை ஒவ்வொரு புள்ளியிலும் முடிவு செய்ய வேண்டியிருந்தது. தோளில் கிடக்கும் துண்டு அவரா, அவரல்லாததா? காற்றில் விலகிய வேட்டி நுனி? துண்டின் நுனியில் அரைச் சொல் கிடைத்தது. முழங்கை மடிப்புக்குக் கீழே ஒரு சொல். முழங்காலுக்குப் பக்கத்தில் 'சம்பந்திகள்' என்பது உடைந்து நுழைந்தது.

"ஒரு ஆளுக்கு ரெண்டு மணி நேரமா சுமா?" என்று தடுப்புக்கு அப்பாலிருந்து இளஞ்செழியன் கேட்டார். "சிலையா செதுக்குற?"

"ஆமா. வந்து மாலையப் போடுங்க."

ஒன்றே முக்காலுக்கு இடம் கிடைத்தது. முத்தம்மாளிடம் மருமகன் பெயரைக் கேட்டுக்கொண்டு 'மகள் ஜெயசித்ரா, மருமகன் ராஜா' என்று அடித்தார். விமல்ராஜ் டீ குடித்துவிட்டு வந்தபோது கன்னியப்பனை ஒட்டி எழுத்துகள் தோளோடு தோளாக இறங்கியிருந்தன. பாதத்துக்கு அடியிலும் ஒரு வரி ஓடியது. சுமலதா அச்செடுத்துக் கொடுத்தார்.

முத்தம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் தாளைப் பார்த்ததும் பதறிப்போனார்.

"ஐயோ, எழுத்த மிதிச்சிக்கினு நிக்கிறாரே! எடும்மா, எடு!" தாளை இரு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

சுமலதாவுக்கு வெட்கமாகப் போயிற்று. தரையில் விழுந்த காகிதம் காலில் பட்டால்கூடத் தொட்டுக் கும்பிடுகிறவர் அவர். இரண்டு மணி நேரமும் இடத்தைத்தான் பார்த்திருக்கிறார். அது கால் என்பதைப் பார்க்கவில்லை.

பாதத்துக்கு அடியில் வெற்றிடம் விட்டார். ஒரு வரி அடி ஓரத்தைத் தாண்டிக் கீழே தொங்கியது.

"அதான் அப்பவே சொன்னேன்" என்றார் விமல்ராஜ். குரலில் நிம்மதி தெரிந்தது. "கடைசி வரிய எடுத்துடுங்கக்கா. மணி ஆவுது."

"கடைசி வரிய எடுத்தா ஊர்ப்பேரும் தேதியும் போயிடும். நடுவுல ஏதாவது ஒரு வரிதான் எடுக்கணும்." சுமலதா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "உங்க பேருக்குப் பின்னாடி 'இளைஞர் மன்றப் பொருளாளர், படகு உரிமையாளர் சங்கத் துணைச் செயலாளர்'னு இருக்குது. அது சரியா ஒரு வரி."

"அது எப்பிடிக்கா? சங்கத்துல பாத்தாங்கன்னா..."

"படகத்தான் வித்துட்டியேடா" என்றார் முத்தம்மாள்.

தடுப்புக்கு அப்பால் இளஞ்செழியன் இருமினார். விமல்ராஜ் முகம் சிவந்தது.

"எடுக்க முடியாதும்மா. இருக்கறது இருக்கட்டும்."

முத்தம்மாள் தாளை மேசையில் வைத்தார். பிறகு சுமலதாவிடம் திரும்பினார்.

"என் பேரு ஒரு வரி இருக்குதாம்மா?"

"மனைவி முத்தம்மாள்னு தனியா ஒரு வரி இருக்குதும்மா."

"அத எடுத்துட்டு அவள வெய்யி."

"ஏம்மா, பொண்டாட்டி பேரு இல்லாம நினைவஞ்சலியா?" விமல்ராஜ் எழுந்துவிட்டார். "ஊரு என்னா கேக்கும்?"

"நான்தான் கண்ணெதிர இருக்கறேனே. ஒரு பொண்டாட்டி இருந்தான்னு எல்லாருக்கும் தெரியும். எடும்மா நீ."

சுமலதாவின் கை மவுஸின் மேல் அப்படியே இருந்தது. மேசை மின்விசிறி ஒருமுறை இந்தப் பக்கம் திரும்பி, மறுபடி அந்தப் பக்கம் போயிற்று. விமல்ராஜ் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார். பாதத்தடியில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்தார். இடம் இல்லை என்றுதான் காலையிலிருந்து சொல்லியிருந்தார். வேறு காரணத்தை வாய்விட்டுச் சொல்ல, இத்தனை பேர் எதிரில் அவராலும் முடியவில்லை.

"பொருளாளர எடுத்துத் தொலைங்க" என்றார். "செயலாளரையும்."

மூன்றரைக்கு அட்டை கிளம்பியது. நன்றி என்று யாரும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் சுமலதாவுக்கும் அது தேவைப்படவில்லை. அவருக்குப் பசித்தது.

பத்து நாள் கழித்து முத்தம்மாள் தனியாக வந்தார். மீன் கூடையைப் படிக்குக் கீழே வைத்துவிட்டு, இடுப்பிலிருந்து நாலாக மடித்த அட்டையை எடுத்தார்.

"எது அவ பேருன்னு காட்டும்மா. வூட்ல கேக்க முடியாது."

சுமலதா விரலை வைத்தார். வேட்டிக் கரைக்குப் பக்கத்தில், கணுக்காலுக்கு மேலே.

"இதானா?"

"அதான்."

"இவ்ளோண்டா இருக்குது."

"இடம் அவ்ளோதாம்மா."

முத்தம்மாள் தலையாட்டினார். சுமலதா, "அன்னிக்குப் படைக்கறதுக்கு உங்க பொண்ணு வந்தாங்களா?" என்று கேட்டார்.

"வர்ல. ஆளு மூலமா இதுல ஒண்ணு அனுப்பிச்சேன். சேந்துதா இல்லையான்னு தெரியல." அட்டையை அதே மடிப்பில் மடித்தார். விரலில் மீன் ஈரம். அதனால் அந்தப் பெயரை மட்டும் தொடாமல், தள்ளிப் பிடித்துக்கொண்டு மடித்தார்.

அவர் போனதும் சுமலதா திரைக்குத் திரும்பினார். தவளக்குப்பத்தில் ஒரு மஞ்சள் நீராட்டு விழா. நாற்காலியில் ஒரு சிறுமி, சுற்றிலும் தாய்மாமன்களின் பெயர்கள். எட்டுப் புள்ளி போதும். அவர் இழுத்துவிட்டார். பிறகு ஸ்பேஸ் பாரின் மேல் கட்டை விரலை வைத்து, சிறுமியின் பாதத்துக்குக் கீழே இருந்த கோட்டை மட்டும் இன்னும் கொஞ்சம் இறக்கினார்.