பத்துப் பேர் வாசிக்க வேண்டிய பாட்டு

என் பேரன் வீட்டில் இப்போது ஒரு கீபோர்டு இருக்கிறது. ஒரு பொத்தானை அமுக்கினால் டிரம்ஸ் தானாக அடிக்கிறது, இன்னொன்றை அமுக்கினால் யாரோ ஊதுகிறார்கள். ஊதுகிற ஆளுக்குச் சோறு போட வேண்டாம், ரயிலடிக்குப் போய் அழைத்துவரவும் வேண்டாம். இது அப்போதே இருந்திருந்தால் எங்கள் வீட்டில் அன்றைக்கு அத்தனை அழுகை இருந்திருக்காது.

எந்த வருஷம் என்று கேட்காதீர்கள். நான் பள்ளிக்கூடம் போனவளில்லை. திருப்பதிக்குப் பக்கத்து ரயில் ஜங்ஷனான பாகாலாவில் கரி இன்ஜின் ஓடிய காலம். காலையில் காயப்போட்ட வெள்ளை வேட்டி சாயங்காலம் சாம்பல் நிறத்தில் திரும்பி வரும். அம்மா இன்ஜினைத் திட்டிக்கொண்டே மறுபடி துவைப்பாள். அது கிடக்கட்டும்.

ரயில்வேக்காரர்கள் கூடும் கிளப் ஒன்று அங்கே இருந்தது. அம்மாவின் தம்பி, என் மாமா, அதில் டெம்பரவரி வேலையில் இருந்தார். என் அப்பா, நைனா, போன பிறகு எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது அவரால்தான். நல்ல மனிதர். பக்திதான் கொஞ்சம் ஜாஸ்தி.

அந்தப் புரட்டாசி சனிக்கிழமை, வயதான இன்ஜின் டிரைவர் ஒருவர் ரிட்டையர் ஆனார். ஆங்கிலோ இந்தியர். கல்யாணத்தன்று அவரும் மனைவியும் ஆடிய பாட்டு ஒன்று உண்டாம். பெரிய பேண்டு வாசிக்கிற, காலைச் சும்மா இருக்கவிடாத ஸ்விங் பாட்டு. கடைசி நாளில் அதற்கே மறுபடி ஆட வேண்டும் என்று இருவருக்கும் ஆசை. மெட்ராசிலிருந்து பத்துப் பேர் கொண்ட பேண்டுக்குச் சொல்லியாயிற்று. திருப்பதியில் அவர்களைப் பார்த்து, வண்டி மாற்றி அழைத்துவர வேண்டியது மாமாவின் வேலை.

மத்தியான வண்டி வந்தது, பேண்டு வரவில்லை. ரயில் கார்டுதான் இறங்கி வந்து கிளப்காரர்களிடம் சொன்னார்:

"எல்லாரும் மலைக்குப் போயிட்டாங்க. பேண்டு மாஸ்டருக்கு மொட்டை வேண்டுதல் இருக்குதாம். 'இவ்ளோ தூரம் வந்துட்டு சாமிய பாக்காம போனா நல்லாவா இருக்கும்? ஒரு கும்புடு போட்டுட்டு ஓடியாந்துர்றோம்'னு உங்க ஆளுதான் கூட்டிக்கினு போனான்."

புரட்டாசி சனிக்கிழமையில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஓடிவருவதா! உள்ளூர்க்காரரே இப்படிக் கணக்குப் போட்டால் மெட்ராஸ்காரர்களை என்ன சொல்வது?

கிளப் செக்ரட்டரி எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார். "அவனை அந்த சாமியே வேலைக்கு வச்சிக்கட்டும். பாட்டு மட்டும் நடக்கலன்னா, நாளையிலேர்ந்து இந்தப் பக்கம் வர வேணாம்னு சொல்லிடும்மா."

அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். நான் அந்த டிரைவரின் மனைவியிடம் ஓடினேன். கிளப்பில் ஒரு பியானோ இருந்தது. பிறந்தநாள்களுக்கு அவர் அதை வாசித்து நான் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். சாயங்காலத்துக்குப் போட்டுக்கொள்ள ஒரு பச்சை கவுனுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மா, எங்க மாமாவுக்கு வேலை போயிடும். நீங்க வாசிங்கம்மா."

"அது பத்து ஆளு வாசிக்கிற பாட்டுடி. எனக்கு ரெண்டு கைதானே இருக்குது?"

"வெரலு பத்து இருக்குதே?"

சிரித்துவிட்டார். பிறகு கவுனைப் பார்த்தார். "நான் வாசிச்சா அவரு யார்கூட ஆடுவாரு?"

"நெறைய பேரு வருவாங்கம்மா," என்றேன். எனக்கு அது பெரிய விஷயமாகவே படவில்லை.

கவுனை ஆணியில் மாட்டினார். பிறகு பெட்டியிலிருந்து ஒரு இசைத்தட்டை எடுத்து, கிராமபோனையும் தூக்கிக்கொண்டு கிளப்புக்கு நடந்தார்.

கைப்பிடியைச் சுற்றுவது என் வேலை. அவர் ஒரு துண்டு கேட்பார், பியானோவில் வாசிப்பார், மறுபடி கேட்பார். முதலில் பத்துப் பேர் வாசித்ததையும் இரண்டு கைக்குள் திணித்துப் பார்த்தார். விரல்கள் சிக்கிக்கொண்டன. சந்தை நாளில் பஸ் ஏறுகிற கூட்டம் மாதிரி எல்லா ஸ்வரமும் ஒன்றையொன்று தள்ளின.

"ஆட வருதாடி?"

"இல்லம்மா. கனமா இருக்குது."

அதற்குப் பிறகுதான் ஆட்களைக் குறைக்கத் தொடங்கினார். "இந்த நாலு பேரும் ஒரே பேச்சை நாலு குரல்ல பேசறாங்க. ஒருத்தன் போதும், மிச்ச பேரு வீட்டுக்குப் போகட்டும்." வலது கை மேலே டிரம்பெட் மாதிரி ஒரு கேள்வி கேட்கும். அதே கை கீழே இறங்கி சாக்சபோன் மாதிரி பதில் சொல்லும். இடது கை ஓரத்தில் ஒரு தடித்த ஸ்வரத்தை அமுக்கிவிட்டு, நடுவுக்குத் தாவி மூன்று நான்கை ஒன்றாக அமுக்கும். ஓரம், நடு, ஓரம், நடு. டிரம்ஸுக்கு ஆளே வேண்டியிருக்கவில்லை.

கடைசியில் பத்துப் பேரும் சேர்ந்து முழங்குகிற இடம் ஒன்று இருந்தது. அங்கேதான் மாட்டிக்கொண்டார். எவ்வளவு ஓங்கி அடித்தாலும் இசைத்தட்டுதான் ஜெயித்தது.

"பத்து பேரு கத்தறத நான் ஒருத்தி கத்தினா தொண்டைதான் போகும்," என்று நிறுத்திவிட்டு, அந்த இடத்தை ரகசியம் சொல்வது போல மெதுவாக வாசித்தார். நான் கைப்பிடியை விட்டுவிட்டுக் கிட்டே போனேன்.

சாயங்காலம் பச்சை கவுனோடு பியானோ முன்னால் உட்கார்ந்தார். நான் கதவோரம் நின்று வேங்கடேசா வேங்கடேசா என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். மாமாவை இந்தச் சிக்கலில் மாட்டிவிட்டதே அந்தச் சாமிதான் என்பது அப்போது தோன்றவில்லை. நாலு அடி வாசித்திருப்பார், செக்ரட்டரி தன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நடுவில் போய்விட்டார். அப்புறம் ஒரு ஆள் நாற்காலியில் இல்லை. மெதுவாக வருகிற இடத்தில் கூட்டமே மூச்சைப் பிடித்துக்கொண்டு, காலை ஓசைப்படாமல் வைத்து ஆடியது. பாட்டு முடிந்ததும் எழுந்த கைதட்டலில்தான் என் வேங்கடேசா நின்றது.

எல்லாரும் சாப்பிடும்போது மாமா வந்து சேர்ந்தார். பின்னால் பேண்டு மாஸ்டர், அவருக்குப் பின்னால் இன்னும் ஒன்பது பேர். வேண்டுதல் ஒருவருக்குத்தான், மொட்டை பத்துப் பேருக்கும். சந்தனம் பூசிய பத்துத் தலைகளும் கையில் ஊதுகுழல் பெட்டிகளுமாக வரிசையில் நின்றதைப் பார்த்து, திட்ட வாயைத் திறந்த செக்ரட்டரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "போடா, போய் எச்சி எல எடு!" என்றார். அவ்வளவுதான், வேலை பிழைத்தது. அம்மாவிடம் சொல்ல நான் ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பைத் தொலைத்தேன். அது கடைசிவரை கிடைக்கவேயில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஊரே ஆடிக்கொண்டிருந்தபோது, டிரைவர் மட்டும் பியானோ மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு மனைவியைப் பார்த்தபடி நின்றார். மூன்று பேர் வந்து கூப்பிட்டும் போகவில்லை. பாவம், வயதானவர், கால் வலி போலிருக்கிறது என்று நினைத்துப் பக்கத்தில் போய்க் கேட்டேன்:

"நீங்க ஆடலையா தாத்தா?"

"ஆடிக்கினுதானே இருக்கேன் பேபி," என்றார், என்னைத் திரும்பிப் பார்க்காமலே.

குனிந்து அவர் ஷூவைப் பார்த்தேன். அசையவே இல்லை. மாமா பிரசாதத்தைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, அந்தத் தாத்தா பொய் சொல்கிறார் என்று அவரிடம் போய் வத்தி வைத்தேன்.

"பெரியவங்கள அப்படி சொல்லக் கூடாது," என்றார் மாமா. "இந்தா, லட்டு துன்னு."