ஒரு முகமும் விடாத கமெரா

லண்டன் டூட்டிங்கில் இருக்கும் கிறிஸ்துராஜாவுக்கு வாரநாளில் அலுவலகக் கட்டடம் துப்புரவு செய்கிற வேலை. சனி, ஞாயிறில் கலியாண வீடு, பெண்பிள்ளை பெரியவளாகிற சாமத்திய வீட்டு வீடியோ. நம்முடைய வீடியோக்காரருக்கு ஒரே சட்டம்தான்: வந்தவர்களில் ஒரு முகமும் விடுபடக்கூடாது. விடுபட்டால் அந்தப் பெரியம்மா பத்து வருடத்துக்கு முகம் கொடுத்துப் பேசமாட்டார்.

துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோதும் மனிதர் அதே பழக்கத்தில், வாசலில் நின்ற கொலம்பியா, பொலிவியாக்காரர் ஒவ்வொருவரையும் கிட்டப் போய்ப் படம்பிடித்தார். ஊர்விட்டு வந்த தங்கள் கதையைப் படமாக எடுத்துக்கொண்டிருந்த அவர்கள், இவர் பிடித்ததை அப்படியே அதில் சேர்த்துவிட்டார்கள். இவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

எலிபன்ட் அன்ட் காசில் பகுதி மண்டபமொன்றில் முதல் காட்சி. படம் தொடங்கிச் சற்று நேரத்தில் சூப்பர்வைசர் கிரெக் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தான். வேலைநிறுத்தத்தில் யார் யார் நின்றார்கள் என்று பார்த்துவரக் கம்பெனி அனுப்பியிருக்கும். கிறிஸ்துராஜா கதிரை நுனிக்கு வந்தார். பொலிவியாக்காரி யோலாந்தா வேலைநிறுத்தத்தன்று காய்ச்சல் என்று அவனிடம் பொய் சொல்லிவிட்டு வந்தவள். பிடிபட்டால் வேலை போகும், வேலையோடு விசாவும் போகும்.

"என்னப்பா, இப்பிடி வேர்க்குது?" என்றாள் மனைவி கௌசி.

"யோலாந்தாவின்ரை முகம் வரப்போகுது. நான்தான் எடுத்தனான்."

"அப்ப ஓடிப்போய் மறையுங்கோவன்!"

ஓடிப்போய்ப் புரொஜெக்டருக்கு முன்னால் நின்றார். சுவர் முழுக்க அவருடைய தலை. ஸ்பானிஷில் ஏச்சு விழுந்தது. யோலாந்தாவே எழுந்து வந்தாள். கையிலிருந்த போனில் பொலிவியாவிலிருந்து அவளுடைய தாய் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தள்ளி நில், ராஜா. அம்மா பார்க்கிறாள்."

"கிரெக் இருக்கிறான்," என்றார் அரைகுறை ஸ்பானிஷில்.

"தெரியும். தள்ளு."

தள்ளினார். வாய்விட்டுக் கோஷமிடும் யோலாந்தாவின் முகம் சுவரை நிறைத்தது. அதை அவர் பார்க்கவில்லை, கிரெக்கையே பார்த்தார். கிரெக் கண் எடுக்காமல் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

படம் முடிந்ததும் நேரே இவரிடம் வந்தான்.

"நன்றாக எடுத்திருக்கிறாய். அந்தக் கத்துகிற பெண் யார்? எந்தக் கட்டடம்?"

ஆறு வருடமாக ஒவ்வொரு காலையும் அவள் கையில் சாவி கொடுக்கிறவன் அவன், ஒருநாளும் முகத்தைப் பார்த்ததில்லை.

"எனக்குத் தெரியாது," என்றார் கிறிஸ்துராஜா. போன உயிர் திரும்பி வந்தது. கூடவே வந்த ஆத்திரத்தை என்ன செய்வதென்றுதான் அவருக்குத் தெரியவில்லை.