அக்காவுக்கு எந்த டெவலப்பர்?

வெல்டருக்குப் படம் பிடிப்பதில் பைத்தியம். கறுப்பு வெள்ளை ஃபிலிம்தான், கழுவுவதும் அவரே. குளியலறைக் கதவிடுக்கில் துணியைத் திணித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாரென்றால், அவசரத்துக்குக்கூட யாரும் அந்தப் பக்கம் போக முடியாது. அவர் மனைவி இதற்காக அவரைத் திட்டாத நாளில்லை.

கண்டவரையெல்லாம் படம் பிடித்தவருக்கு அவருடைய அக்கா மட்டும் பிடிகொடுக்கவில்லை. தாயில்லாத தம்பியை வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வளர்த்தவள் அவள், தையல் கடைக்காரி. முகத்தில் வெண்திட்டுகள். எந்தப் படத்திலும் அந்த இடங்கள் சுண்ணாம்பு பூசியதுபோல வெறும் வெள்ளையாக விழுந்துவிடும். அதைப் பார்த்துப் பார்த்து நொந்துபோய், கேமராவைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அப்படிப்பட்டவள் என்ன நினைத்தாளோ, ஒரு நாள், “சரி, எடுத்துத் தொலைடா. இந்த ஒரு தடவைதான்” என்றாள். வெல்டர் பட்டறையிலிருந்து அடித்துப் பிடித்து ஓடினார். கடை ஜன்னலோரம் அவளை உட்காரவைத்து ஒரு சுருள் முழுக்க எடுத்துத் தள்ளினார். வீட்டுக்கு வந்ததும் விளக்கைப் போட்டார்.

“பட்டப்பகல்ல எதுக்குங்க லைட்டு?” என்றாள் மனைவி.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நாள் முழுக்க வெல்டிங் வெளிச்சத்தோடு மல்லுக்கட்டிய கண்ணுக்கு உலகமே மங்கல்தான். வெளிச்சத்தை அளக்க ஒளிமானி எதற்கு, என் கண் போதாதா என்று பீற்றிக்கொள்கிற மனிதர், அந்தக் கண்ணை நம்பி ஃபிலிமுக்கு வெளிச்சத்தை வாரி இறைத்துவிட்டார். வழக்கமான டெவலப்பர் ரசாயனத்தில் கழுவினால் அக்காவுக்கு மறுபடியும் சுண்ணாம்பு முகம்தான்.

ஃபிலிமில் பழுப்புக் கறையை ஏற்றும் டெவலப்பர்கள் உண்டு. வெளிச்சம் மிகுந்த இடங்கள் வெறும் வெள்ளையாகிவிடாமல் அவை இழுத்துப் பிடிக்கும். அவரிடம் இருந்தவை கேட்டகால், பைரோ. இரண்டும் விஷம். “சமைக்கிற வீட்டுக்குள்ள அது வந்தா நான் வெளிய” என்று மனைவி சொல்லியிருந்ததால், பட்டறை அலமாரியில் பூட்டிக் கிடந்தன.

நடந்ததை அவர் மனைவியிடம் சொன்னார். அவளே, “அண்ணி இன்னொரு தடவை உக்கார மாட்டாங்க. போய் எடுத்துட்டு வாங்க. கையுறை இல்லாம தொட்டீங்க, அப்புறம் இருக்கு!” என்றாள்.

இரண்டில் எதை நம்புவது? மறுநாள் பட்டறையிலிருந்து வந்த அதே கண்ணோடு, ஜன்னலோரம் மனைவியை உட்காரவைத்துச் சோதனைக்கு ஒரு சுருள் எடுத்தார். அவளே முகத்தில் திட்டுத் திட்டாகப் பவுடரை அப்பிக்கொண்டு வந்திருந்தாள். “பேய் மாதிரி இருக்கேனா?” என்றாள். “புதுசாவா?” என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். சுருளைத் துண்டுபோட்டு ஒவ்வொன்றையும் ஒரு டெவலப்பரில் கழுவினார். வழக்கமானதில் பவுடர் வெள்ளைச் சுவராய் நின்றது. கேட்டகாலில் முகம் தெரிந்தது, ஆனால் சோகை பிடித்ததுபோல. பைரோவில் பவுடருக்கு நடுவே அவளுடைய சிரிப்புச் சுருக்கம்கூடத் தெரிந்தது. இப்படி ஒருத்தி வாய்க்க நான் என்ன புண்ணியம் செய்தேன் என்று அந்த ஈர ஃபிலிம் துண்டைப் பிடித்தபடி நின்றார். வாய்விட்டும் சொன்னார். “போதும், அண்ணி சுருளைப் போடுங்க” என்றாள் அவள்.

பைரோவிலேயே கழுவினார்.

அக்கா படத்தை வாங்கி ஜன்னல் பக்கம் போய் நின்றாள். திட்டுகள் இருந்தன. அவற்றுக்குள் ரோமமும் சுருக்கமும் இருந்தன. ஒரு திட்டைச் சுட்டு விரலால் தொட்டாள்.

“இங்கயும் தோல்தான்டா” என்றாள்.

படத்தைத் தம்பியிடம் நீட்டினாள்.

“பெருசா போட்டுக் குடு. கடையில, வர்றவங்க கண்ணுல படற இடமாப் பாத்து மாட்டணும்.”