கொளஞ்சி அண்ணன் மறந்த அளவு

பி.ஏ. முடித்த வருஷம் செந்துறையில் அரியலூர் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோதுதான் கொளஞ்சி அண்ணனை முதலில் பார்த்தது. எதிர்ப் பட்டறையில் தன் பழைய புல்லட்டின் பின்சக்கரத்துக்கு இருபுறமும் தோல்பைகளை மாட்டிக்கொண்டிருந்தார். தேய்ந்துபோன மாட்டுவண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டாவை வெட்டி வளைத்து, பை தாங்கும் இரும்புகளை அவரே செய்திருந்தார். பை நிறையச் சின்னப்பிள்ளைத் துணிகள். அன்றுதான் முதல் சந்தை. அவருக்கு விலை பேச வராது. மனைவி அம்சவள்ளி வந்தால்தான் வியாபாரம்.

அம்சவள்ளி அக்கா வழக்கம்போல ஒருபக்கமாக உட்காரப் பார்த்தார். கால் தொங்க வேண்டிய இடத்தில் பை புடைத்துக்கொண்டு நின்றது.

"நான் காலை எங்க வைக்கிறதுங்க, உங்க தலையிலயா?"

கொளஞ்சி பையைத் தடவினார். "துணிக்குத்தான் அளவெடுத்தேன் புள்ள. ஒன்ன மறந்துட்டேன். ஒரு பையக் கழட்டிரவா?"

"கழட்டிட்டு? பாதித் துணியோட போயி யாருகிட்ட விக்கிறது?"

இரு பக்கமும் பைக்கு முன்னால் ஒவ்வொரு கால் வைக்க மட்டும் இடமிருந்தது. பஸ்ஸுக்கு நின்ற அத்தனை பேரும் பார்க்க, அக்கா புடவையை ஒதுக்கிக்கொண்டு ஆம்பிளை மாதிரி இருபுறமும் கால் போட்டு உட்கார்ந்தார்.

"ஊரே பாக்குது புள்ள."

"பாக்கட்டும். சந்தை கலையறதுக்குள்ள வண்டிய எடுங்க."

இப்போது இருவரும் பெரம்பலூரில் துணிக்கடை வைத்திருக்கிறார்கள்.