மண்டபத்தில் கமலாவதி சொன்னது

கமலாவதி நண்டு உடைக்கும் வேலைக்குப் போனபோது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. அதுவரை இன்னொருவருக்குக் கீழே வேலை செய்தவளல்ல. பருத்தித்துறையில் கடலுக்குப் போகும் வீட்டில் பிறந்து, கடலுக்குப் போகும் ஆழ்வாப்பிள்ளைக்கே வாழ்க்கைப்பட்டாள். போர்க்காலத்தில் மூன்று தடவை வீட்டை விட்டு ஓடினார்கள். மூன்று தடவையும் திரும்பி வந்து கூரை போட்டார்கள். எல்லாம் முடிந்தது, இனி ஒரு மாதிரிச் சமாளிக்கலாம் என்று மூச்சு விட்ட நேரத்தில், கரையேற்றிய படகு சரிந்து ஆழ்வாப்பிள்ளையின் இடுப்பில் விழுந்தது. இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தவர், பிறகு வாசல் படலை வரைக்கும் போவதென்றாலும் வேலியைப் பிடித்துப் பிடித்துத்தான் போனார். மகள் தனுஷிகா அப்போது ஐந்தாம் வகுப்பு.

அந்த வருஷம்தான் பழைய ஐஸ் தொழிற்சாலைக் கட்டடத்தில் நண்டு நிலையம் திறந்தார்கள். தீவுப் பக்கத்திலும் பூநகரிக் கரையிலும் பிடிபட்ட நண்டு, அவித்தபடி லொறியில் வரும். முப்பத்திரண்டு பெண்கள் இரும்பு மேசைகளில் வரிசையாக இருந்து, சின்னக் கத்தியால் ஓட்டைப் பிளந்து, சதையை உதிராமல் எடுத்து ஐஸ் மேல் வைத்த டப்பாக்களில் நிரப்புவார்கள். அது அமெரிக்காவுக்குப் போகும். அங்கே யார் சாப்பிடுகிறார்கள், எப்படிச் சமைக்கிறார்கள் என்று ஒருத்திக்கும் தெரியாது. கமலாவதிக்குப் பக்கத்தில் இருப்பவள் பாலேஸ்வரி. புருஷன் காணாமற் போய், இரண்டு பிள்ளைகளோடு தனித்து நின்றவள். பத்து வருஷம் முழங்கையும் முழங்கையும் முட்டும்படி இருந்து வேலை செய்தார்கள்.

ஐஸும் குளோரின் தண்ணீரும் சேர்ந்து கமலாவதியின் விரல்களை மரக்கப் பண்ணின. வலது கைச் சுட்டுவிரலின் நகம் கழன்று போய், அந்த இடத்தில் கறுத்த தோல் தடித்து நின்றது. சோறு குழைக்கும்போது சூடு தெரியாது. நாக்கில் பட்ட பிறகுதான் தெரியும்.

போன வருஷம் கஜந்தினி என்றொரு இளம் விரிவுரையாளர் நிலையத்துக்கு வந்தாள். பண்டத்தரிப்பு ஊர்ப் பிள்ளை. கம்பஸில் வணிகம் படிப்பிக்கிறாள். வெளிநாட்டுச் சந்தைக்கு வேலை செய்யும் கரையோரப் பெண்களைப் பற்றி ஆய்வு செய்கிறேன் என்றாள். நிலையத்தில் வைத்துக் கேட்டபோது, எல்லாரும் முகாமையாளர் ஜெயசுதன் சொல்லிக் கொடுத்ததையே சொன்னார்கள். கஜந்தினி விடவில்லை. வீடு வீடாகப் போனாள். மூன்றாம் தரம் கமலாவதியின் வீட்டுக்கு வந்து, வெறும் நிலத்தில் இருந்து தேத்தண்ணி குடித்தாள். அன்றைக்குத்தான் கமலாவதி வாய் திறந்தாள்.

வெளிநாட்டிலிருந்து சோதிக்க ஆட்கள் வரும் நாளில் புதுக் கையுறை தருவார்கள், அவர்கள் போனதும் திருப்பி வாங்கி வைப்பார்கள் என்று சொன்னாள். எடுக்கக் கூடாத சின்ன நண்டையும் சினை நண்டையும் அன்றைக்கு மட்டும் பின்னறையில் ஒளிப்பார்கள் என்று சொன்னாள். கை வெட்டினால் கட்டுத் துணியை வீட்டிலிருந்துதான் கொண்டுபோக வேண்டும் என்றும் சொன்னாள்.

"பேர் போடமாட்டன் அம்மா. இலக்கம்தான். நீங்கள் பதினாலு," என்றாள் கஜந்தினி. பிறகு கையைப் படம் எடுக்கலாமா என்று கேட்டாள். முகம் வராது என்றாள். கமலாவதி கையை நீட்டினாள்.

எட்டு மாதம் கழித்து ஜெயசுதன் அவளைத் தன் கந்தோர் அறைக்குள் கூப்பிட்டான்.

"அக்கா, வாற வியாழக்கிழமை யாழ்ப்பாணத்திலை ஒரு மாநாடு. பெரிய பெரிய பேராசிரியர்மார் வருகினம். தொழிலாளி ஒராளும் மேடையிலை கதைக்க வேணுமாம். உங்களைத்தான் கூட்டிக்கொண்டு போகப் போறன்."

"எனக்கு உதெல்லாம் தெரியாது தம்பி."

"மூண்டு வசனம்தான். நான் சொல்லித்தாறன்."

பத்து வருஷமாக வேலை செய்கிறேன் என்பது முதல் வசனம். கையுறை, மருந்து, வாகனம் எல்லாம் தருகிறார்கள் என்பது இரண்டாவது. எங்கள் குடும்பங்கள் இதால்தான் சீவிக்கின்றன என்பது மூன்றாவது. மூன்றாவது உண்மை. அதை அவள் உடனே பாடமாக்கிவிட்டாள். இரண்டாவதுதான் வாயில் ஒட்டவில்லை. போகிற அன்று காலை வாகனத்தில் ஏறும்போது ஜெயசுதன் மெதுவாகச் சொன்னான்: "கையை மேசைக்குக் கீழை வைச்சிருங்கோ அக்கா."

ஹோட்டல் மண்டபம் குளிரூட்டியில் விறைத்துக் கிடந்தது. சர்வதேச வணிக ஆய்வுகள் நடைமுறைக்கு எவ்வளவு உதவுகின்றன என்று மூன்று மொழியிலும் பெரிய பதாகை. கமலாவதியை முன்வரிசையில், ஜெயசுதனுக்குப் பக்கத்தில் இருத்தினார்கள். வெள்ளைத் தாடி வைத்த வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் முதலில் நெடுநேரம் பேசினார்.

"என்னவாம் தம்பி?"

"நாங்கள் எழுதுறதை நாங்களேதான் வாசிக்கிறம், தொழில் செய்யிறவை ஒருத்தரும் வாசிக்கிறேல்லை எண்டு கவலைப்படுறார்," என்று ஜெயசுதன் சிரித்தான். பிறகு முன்வரிசையின் மறு கரையில் இருந்த ஒரு பெண்ணைக் கண்ணால் காட்டினான். "அவதான் எங்கடை நண்டை வாங்கிற கொம்பனியின்ரை ஆள். சிங்கப்பூரிலையிருந்து வந்திருக்கிறா. நல்லாக் கதையுங்கோ."

அடுத்து மேடைக்கு வந்தவள் கஜந்தினி. வணக்கம் சொல்லி நிமிர்ந்தவள், முன்வரிசையில் கமலாவதியைக் கண்டதும் ஒரு கணம் அப்படியே நின்றாள். பிறகு ஆங்கிலத்தில் வாசிக்கத் தொடங்கினாள். கமலாவதிக்கு ஒன்றும் விளங்கவில்லை, திரையில் தன் கை வரும் வரைக்கும். சுவரளவு பெரிதாக இருந்தது. நகமில்லாத சுட்டுவிரல் ஓராள் உயரத்துக்கு நின்றது.

கமலாவதி சேலைத் தலைப்புக்குள் கையைச் செருகினாள். அவளுக்குத் தெரியும், ஜெயசுதன் திரையைப் பார்க்கிறான், பிறகு அவளுடைய மடியைப் பார்க்கிறான் என்று. அவன் சிரித்த முகம் மாறவில்லை. கழுத்து மட்டும் சிவந்து வந்தது.

தேநீர் இடைவேளை இல்லாமலே அடுத்த அமர்வு தொடங்கியது. மேடையில் போட்ட நாலு கதிரையில் ஒன்றில் அவளை இருத்தி, கையில் மைக்கைத் தந்தார்கள். முதல் வசனத்தைச் சொன்னாள். இரண்டாவதற்கு வாயெடுக்கும் முன் வெள்ளைத் தாடிக்காரர் இடைமறித்து ஏதோ கேட்டார். மொழிபெயர்க்க நின்ற இளைஞன் அவள் பக்கம் குனிந்தான்.

"அம்மா, இப்ப அந்த மிஸ் ஒரு ஆய்வு வாசிச்சவ. சோதிக்க வாற நாளிலை மட்டும் கையுறை குடுக்கிறது, சினை நண்டை ஒளிக்கிறது எண்டெல்லாம் சொன்னவ. உங்கடை அனுபவத்திலை அது உண்மையோ எண்டு சேர் கேக்கிறார்."

மண்டபம் முழுதும் அவளைப் பார்த்தது. இத்தனை பேர் தன்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டது அவள் சீவியத்தில் அதுதான் முதல் தரம். கீழே ஜெயசுதன் சிரித்துக்கொண்டே இருந்தான். ஓரத்தில் நின்ற கஜந்தினி, ஒருவருக்கும் தெரியாத மாதிரித் தலையை மெல்ல அசைத்தாள். வேண்டாம் என்று அர்த்தம்.

"ஓம்," என்றாள் கமலாவதி.

மொழிபெயர்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை. கைதட்டினார்கள். சிங்கப்பூரிலிருந்து வந்த பெண் கைதட்டாமல் தன் கொப்பியில் எழுதினாள்.

சாப்பாட்டு நேரம் நடைபாதையில் கஜந்தினி ஓடி வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"ஏன் அம்மா? இல்லையெண்டு சொல்லியிருந்தால் உங்களுக்கு ஒண்டும் வந்திராது."

"நீங்கள் வாசிச்சது பொய்யெண்டு ஆகியிருக்குமே பிள்ளை."

கஜந்தினி பிடித்திருந்த கையை விட்டாள். யாரோ அவளைப் படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். நடைமுறைக்கு மிகவும் பயன்தரும் ஆய்வு என்று அன்று பின்னேரம் அவளுடைய ஆய்வுக்குத்தான் பரிசு கிடைத்தது. கமலாவதி அதற்கு நிற்கவில்லை. ஜெயசுதனின் வாகனம் அவளை ஏற்றாமலே போயிருந்தது. மாநாட்டில் தந்த துணிப்பையைத் தோளில் கொழுவிக்கொண்டு, பஸ் நிலையம் வரை நடந்து, பருத்தித்துறை பஸ் பிடித்தாள்.

மூன்று கிழமை ஒன்றும் நடக்கவில்லை. ஜெயசுதன் அவளோடு வழமையிலும் பார்க்க மரியாதையாகக் கதைத்தான். அதுதான் அவளுக்குப் பயத்தைத் தந்தது. நாலாம் கிழமை திங்கட்கிழமை லொறி வரவில்லை. பெண்கள் வெறும் மேசைகளுக்கு முன்னால் காத்திருந்தார்கள். ஜெயசுதன் ஒரு கடுதாசியோடு வந்து நின்றான்.

"வாங்கிற கொம்பனி எங்களோடை இருந்த ஒப்பந்தத்தை நிப்பாட்டிப் போட்டினம். எங்கடை மேலிடம் தெற்கிலை ஒரு பெரிய ஃபக்டரிக்கு எல்லாத்தையும் மாத்துது. இந்த நிலையம் இண்டையோடை சரி." கடுதாசியை மடித்தான். "நான் ஒருத்தரையும் குறை சொல்லேல்லை."

அவன் அப்படிச் சொன்னதும் முப்பத்தொரு தலைகளும் ஒரு பக்கம் திரும்பின. மாநாட்டில் நடந்தது ஏற்கனவே ஊரெல்லாம் பரவியிருந்தது.

பாலேஸ்வரி சத்தம் போடவில்லை. ஏப்ரனைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"கமலாக்கா, நீங்கள் சொன்னது பொய்யில்லை. ஆனா எங்களை ஒரு வார்த்தை கேட்டனீங்களோ? முப்பத்திரண்டு பேருக்கும் சேர்த்து நீங்கள் ஒராள் ஓம் சொல்லிப்போட்டு வந்திருக்கிறியள்."

கமலாவதியும் தன் ஏப்ரனைக் கழற்றி மடித்தாள். அந்தக் கேள்வியைப் பின்னர் எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்தாள்.

அதன் பிறகு கோயிலில் அவள் போய் நின்றால் பக்கத்தில் இடம் விழுந்தது. கடையில் அவளைக் கண்டதும் கதை நின்றது. ஒரு நாள் படலையில் நண்டு ஓடுகளைக் குவித்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். தனுஷிகா அழுதுகொண்டே அவற்றை அள்ளிக் கொட்டினாள். தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கும் அவள்தான் அந்த ஆய்வைக் கைபேசியில் தேடி எடுத்து வாசித்துக் காட்டினாள்.

"எங்கடை ஊரின்ரை பேர் இல்லை. உங்கடை பேரும் இல்லை அம்மா. பதினாலாம் இலக்கம் எண்டுதான் கிடக்கு."

"கடைசியிலை என்ன எழுதியிருக்கு?"

"வாங்கிற நிறுவனங்கள் இதை வாசிச்சு, தொழிலாளரின்ரை நிலைமையைத் திருத்த வேணுமாம்."

ஆழ்வாப்பிள்ளை அவளை ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கிழமை வேலியைப் பிடித்துப் பிடித்துப் படலைக்கும் வீட்டுக்குமாய் நடந்தார். எட்டாம் நாள் காலையில், "ஆரும் கிழிஞ்ச வலை பொத்தத் தந்தால் வாங்கிக்கொண்டு வா. இருந்த இடத்திலை செய்வன்," என்றார். பதினொரு வருஷத்துக்குப் பிறகு அவர் வலையின் பேச்சை எடுத்தது அன்றைக்குத்தான். ஆனால் வலை தர ஆளிருக்கவில்லை. நிலையத்தில் வேலை செய்த பெண்களின் அண்ணன்மாரும் தம்பிமாரும்தான் கரையில் இருந்தார்கள். கடைசியில் அடுத்த துறையிலிருந்து ஒரு கிழிந்த வலையை அவள் சுமந்து வந்தாள்.

மாரி முடிகிற நேரம் கஜந்தினி வந்தாள். ஆள் மெலிந்திருந்தாள். நிலையம் மூடிய பிறகு பெண்களுக்கு என்ன நடந்தது என்று இன்னொரு ஆய்வு செய்யப் போவதாகச் சொன்னாள். சொல்லும்போது கமலாவதியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"என்னட்டைக் கேக்காதையுங்கோ பிள்ளை. வாங்கோ," என்று கமலாவதி செருப்பைப் போட்டாள்.

நாலு மாதமாக மிதிக்காத பாலேஸ்வரியின் முற்றத்துக்கு அவளைக் கூட்டிப் போனாள். பாலேஸ்வரி யார் யாரோ வீட்டு உடுப்புகளைத் தோய்த்துக்கொண்டிருந்தாள். மூத்த பெட்டை படிப்பை நிறுத்தி, கிளிநொச்சிப் பக்கம் தையல் தொழிற்சாலைக்குப் போய்விட்டாள். வந்தவர்களைக் கண்டும் பாலேஸ்வரி எழும்பவில்லை.

"அம்மாவிலை பிழையில்லை," என்று கஜந்தினி நின்றபடியே தொடங்கினாள். "நான்தான் அந்தப் படத்தைப் போட்டிருக்கக் கூடாது. கொம்பனிக்காரர் வருவினம் எண்டு எனக்குத் தெரியும். வந்து கேட்டால் திருந்துவினம் எண்டு நினைச்சன்."

"திருந்தேல்லை மிஸ். இடத்தை மாத்தினவை." பாலேஸ்வரி ஒரு சேலையைப் பிழிந்தாள். "இப்ப அங்கை இருந்து உடைக்கிற பொம்பிளையளிட்டை ஆர் போய்க் கேக்கினம்? நீங்கள் போவியளோ?"

கஜந்தினி கொப்பியைத் திறக்கவேயில்லை. அதைப் பைக்குள் வைத்துவிட்டு, "போறன்," என்றாள். எங்கே என்று சொல்லவில்லை. அன்றைக்குத் தன் ஊரான பண்டத்தரிப்புக்குப் போனாள் என்பது மட்டும்தான் தெரியும். வாங்கும் கொம்பனிக்கு அவள் மூன்று கடிதம் எழுதினாள் என்று பிறகு தனுஷிகா மூலம் அறிந்தார்கள். ஒன்றுக்குப் பதில் வந்ததாம். குறித்த விநியோகத்தரோடு தங்களுக்கு இப்போது எந்தத் தொடர்பும் இல்லை என்று அதில் இருந்ததாம்.

கமலாவதி கற்கோவளம் போகிற வழியில் சிமியோன் என்பவரின் கருவாட்டு வாடியில் வேலைக்குச் சேர்ந்தாள். மீனைப் பிளந்து, உப்புப் போட்டு, வெயிலில் பரப்பும் வேலை. மரத்த விரலுக்கு உப்பின் எரிவு தெரியாததால் மற்றவர்களிலும் விரைவாகச் செய்தாள். ஒரு மாதம் கழித்து பாலேஸ்வரியும் அங்கே வந்து சேர்ந்தாள். கமலாவதிக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. பாலேஸ்வரி பந்தலின் மறு தொங்கலுக்குப் போய் இருந்தாள்.

"ரெண்டு பேரும் ஒரே ஊர்தானே, ஆளை ஆள் தெரியாதோ?" என்று சிமியோன் கேட்டார்.

"தெரியும்," என்றாள் பாலேஸ்வரி. அடுத்த மீனை எடுத்தாள்.