முனி வளைவில் நின்ற கார்

அன்று இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். மேல் மலையில், ரோடு முடியும் இடத்தில், பண்டாரவளை ஹார்ட்வெயார் கடை முதலாளி. கழுத்தில் பழைய ஸ்டொப்வொட்ச். அவருக்குப் பக்கத்தில் என் மனைவி. ஞாயிற்றுக்கிழமை, முதுகில் கொழுந்துக் கூடை இல்லை. பாதி வழியில், முனி வளைவில், கணக்கப்பிள்ளை. கையில் சிவப்புத் துணி. கீழே தேயிலை அரைக்கும் ஸ்டோர் வாசலில் காவல்கார வோச்சர். காதில் போன். அவருக்குப் பக்கத்தில் முதலாளியின் அக்கா மகன். கையுறை போட்டிருந்தார். அப்புறம் நான். கையுறை இல்லை.

தோட்டத்தை நடத்தும் தொரை வரவில்லை. ரோட்டை ஒரு மணித்தியாலம் மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு அப்புத்தளைக்குப் போய்விட்டார்.

கார் ஒன்று. ஓட்டப்போவது இரண்டு பேர். ஸ்டோரிலிருந்து மேல் மலை வரை ஏற்றம். யார் சீக்கிரம் ஏறுகிறாரோ அவர் ஏப்ரலில் தியத்தலாவை ரேஸில் ஓட்டுவார். மற்றவர் டயர் மாற்றுவார். இதுதான் விஷயம்.

நான் பூனாகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டுகிறேன். பதினெட்டு வருடம். மடுவக் கொட்டகையில் எடை போட்ட கொழுந்தை ஏற்றி ஸ்டோரில் இறக்குவது வேலை. லீவு நாளில் முதலாளியின் ரேஸ் காருக்குக் கை கொடுப்பேன். கார் சிறியது, பழையது. சிவப்பு. உள்ளே முன் சீட்டுகளும் ஸ்டியறிங்கும் தவிர எல்லாவற்றையும் கழற்றிவிட்டோம். பாரம் குறையவேண்டும் என்று டேஷ்போர்டைக்கூட எடுத்தாயிற்று.

பதினைந்து ரேஸுக்கு அந்தக் காருடன் போயிருக்கிறேன். தள்ளியிருக்கிறேன். ஜாக்கி வைத்திருக்கிறேன். சேறு கழுவியிருக்கிறேன். ரேஸில் ஓட்டியதில்லை.

அங்கே விதவிதமான ஆட்களைப் பார்த்தேன். பதுளையிலிருந்து ஒரு பேக்கரிக்காரர் வருவார். காரின் பின்பக்கம் ஆடாமல் இருக்க இரண்டு மூட்டை கோதுமை மாவு போட்டுக்கொண்டு ஓட்டுவார். ஒரு தடவை மூட்டை கிழிந்துவிட்டது. கார், ஆள், கண்ணாடி எல்லாம் வெள்ளை. துடைத்துக்கொண்டே ஓட்டி மூன்றாவதாக வந்தார். கொழும்பிலிருந்து ஓர் அம்மா வருவார். வெற்றிலை போட்டு, கொடி இறங்கும் முன் ஜன்னல் வழியே துப்பிவிட்டுத்தான் கியர் போடுவார். அவர் பக்கத்தில் கார் நிறுத்த யாருக்கும் விருப்பமில்லை. ஒரு தோட்டத்துத் தொரை நாயைக் கூட்டிவருவார். நாய் குரைத்தால்தான் புறப்படுவார். நாய் ஒரு வருடம் குரைக்கவில்லை. அவர் புறப்படவும் இல்லை. எல்லாரும் ஒரு சுற்று முடித்து வரும்போது அதே கோட்டில் நின்று நாயைத் திட்டிக்கொண்டிருந்தார்.

எங்கள் ஏற்றத்துக்கும் ஒரு கதை உண்டு. முதலாளிதான் சொல்வார். வெள்ளைக்காரத் தொரைமார் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை இதே ரோட்டில் கார் ஏற்றிப் போட்டி போடுவார்களாம். லயத்தில் குடியிருந்த தோட்டத்து ஆட்களை ஒவ்வொரு வளைவிலும் சிவப்புத் துணியுடன் நிற்க வைப்பார்களாம். வளைவில் நின்றது எங்கள் ஆட்கள். ஸ்டியறிங்கில் எங்கள் ஆள் யாரும் உட்கார்ந்ததாக அவர் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

முதலாளியிடம் ஒரு சின்னக் கொப்பி இருக்கிறது. ஒவ்வொரு ரேஸுக்கும் ஒரு வரி. தான் வந்த இடம் மட்டும். வேறொன்றும் எழுதமாட்டார். அதில் ஆக நல்ல இடம் ஏழாவது.

பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் கார் தார்ப்பாய்ப் படங்குக்குக் கீழே கிடந்தது. படங்கை எடுத்தபோது முதலாளியின் வலது கண்ணில் நிழல் விழுந்திருந்தது. டொக்டர் ரேஸ் வேண்டாம் என்றார். அக்கா மகன் அடுத்த நாளே ஹெல்மெட்டுடன் கடைக்கு வந்துவிட்டார்.

"மாமா, நான் ஓட்டுறேன். போன்ல எல்லா ரேஸும் ஓடியிருக்கேன்."

"போன்ல மோதினா ஆருக்கு நோகும்?" என்றார் முதலாளி.

நான் கார்புரேட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். முகத்தைத் தூக்காமலே சொன்னேன்.

"மொதலாளி, நானும் ஓட்டிப் பாக்குறேன்."

ஆணி எடை போட்டுக்கொண்டிருந்த பையன் வேலையை விட்டுவிட்டுத் திரும்பினான். பதினைந்து வருடத்தில் நான் எதுவும் கேட்டதில்லை. முதலாளி என்னைப் பார்த்தார். மருமகனைப் பார்த்தார்.

"சரி. ரெண்டு பேரும் ஏறுங்க. வொட்ச் சொல்லட்டும்."

அப்படித்தான் அந்த ஞாயிறு வந்தது.

மருமகன் முதலில் போனார். வோச்சர் போனில் "ஒண்ணு, ரெண்டு, மூணு, போ" என்றார். மேலே முதலாளி வொட்சை அமுக்கினார். கார் நன்றாகத்தான் போனது. சத்தத்தைக் கேட்டே கியர் மாற்றுவதை எண்ணினேன். பழைய மடுவத்துக்குப் பக்கத்தில் ஒரு கியர் மாற்றப் பிந்தினார். மற்றபடி குறை சொல்ல ஒன்றும் இல்லை.

மேலிருந்து போன் வந்தது. நாலு நிமிடம் பதினெட்டு செக்கன்.

காரைத் திருப்பிக் கீழே கொண்டுவந்தார். நான் ஏறினேன். நல்ல சகுனத்துக்கு, ஆளுக்கு ஒன்றாக முன் டயருக்கடியில் வைத்து நசுக்க இரண்டு தேசிக்காய், எலுமிச்சைதான், கொண்டுவந்திருந்தேன். அவர் முதலிலேயே தனக்கு வேண்டாம் என்றுவிட்டார். அதனால் என் பையில் ஒன்று மிச்சம். மற்றதை நசுக்கிப் புறப்பட்டேன்.

அந்த ரோடு எனக்குத் தெரியும். எந்தக் கல் மழையில் வழுக்கும், எந்த வளைவில் தண்ணீர் குறுக்கே ஓடும் என்று கால் அறியும். கார் லொறியைப் போல முனகவில்லை. மிதித்தால் போனது. பழைய மடுவத்தை மருமகனைவிட ஒரு கியர் கூட்டி வைத்து எடுத்தேன். மனம் லேசாக இருந்தது. வேறு எதையும் நினைக்கவில்லை.

நினைக்காததுதான் பிழை.

பாதி வழியில் முனி வளைவு. மருத மரத்தடியில் ஒரு கல், சூலம். எப்போதோ ஒரு லொறி அங்கே பள்ளத்தில் போனதாம். அன்றிலிருந்து எங்கள் தோட்டத்தில் எந்த டிரைவரும் அங்கே நிறுத்தாமல் போவதில்லை. லொறியை நிறுத்தி, மூன்று தரம் ஹோன் அடித்து, டேஷ்போர்டில் வைத்திருக்கும் ஒரு பிடி கொழுந்தை ஜன்னல் வழியே கல்லின் காலடியில் போடவேண்டும். ஒரு நாளைக்கு நாலு நடை. பதினெட்டு வருடம்.

நிறுத்தினேன். ஹேண்ட் பிரேக் போட்டேன். மூன்று தரம் ஹோன் அடித்தேன். கொழுந்தை எடுக்கக் கையை நீட்டினேன். டேஷ்போர்டே இல்லை. வெறும் தகரம்.

அப்போதுதான் நான் எதில் இருக்கிறேன் என்று தெரிந்தது.

கணக்கப்பிள்ளை சிவப்புத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னலுக்குக் குனிந்தார்.

"என்னா டிரைவர், ரேஸ் முடிஞ்சிருச்சா? டீ ஊத்தவா?"

"ஐயோ."

"ஐயோவ பொறவு சொல்லலாம். போங்கய்யா, போங்க!"

கிளச்சை விட்டேன். ஏற்றத்தில் கார் ஒரு விரற்கடைகூடப் பின்னால் போகவில்லை. எடுத்தது. மிச்ச வளைவுகளை எப்படி ஏறினேன் என்று நினைவில்லை.

மேலே முதலாளி வொட்சைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். இடது கண்ணுக்கு.

"நாலு இருவத்திமூணு."

ஐந்து செக்கன். நான் இறங்கி பொனட்டைத் திறந்து ரேடியேட்டரைப் பார்த்தேன். பார்க்க ஒன்றுமில்லை. அங்கேயே குனிந்து நின்றேன்.

"இங்கேர்ந்து பாத்தேன்," என்றார் முதலாளி. "தூசி வளைவுல நின்னுச்சு. எனத்துக்கு நிப்பாட்டின?"

"முனிக்கு, மொதலாளி."

"முனிக்கா?"

"பழக்கம். கை கொழுந்து தேடுன பொறகுதான் தெரிஞ்சிச்சு."

முதலாளி என் மனைவியைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க?"

"நிக்காம வந்திருந்தா நான் ஊட்டுக்குள்ள சேத்திருக்க மாட்டேன்," என்றாள் அவள். "டயரு மாத்துற ஆளா இருந்தா இருந்துட்டுப் போறாரு."

முதலாளி சிரிக்கவில்லை. போனை எடுத்தார். கணக்கப்பிள்ளையிடம், கார் எவ்வளவு நேரம் நின்றது என்று கேட்டார். கணக்கப்பிள்ளை சொன்னது எங்களுக்கும் கேட்டது.

"மூணு ஹோன் அடிச்சாரு, கைய நீட்டுனாரு, நான் டீ வேணுமான்னு கேட்டேன், போயிட்டாரு. அம்புட்டு நேரம்."

"பத்து செக்கன் ஈக்குமா?"

"அதுக்குக் கொறையாதுங்க."

முதலாளி வொட்சைப் பார்த்து அதிலிருந்து பத்தைக் கழித்தார். பிறகு காரில் ஏறி என்னைக் கீழே வளைவுக்கு ஓட்டச் சொன்னார். மருமகனைக் குறுக்குப் பாதையில் மேலே ஏறி வளைவுக்கு வரும்படி போனில் கூப்பிட்டார். என் மனைவி தேயிலைக்கு நடுவே இறங்கி எங்களுக்கு முன்னால் வந்து நின்றாள்.

வளைவில் காரைத் திருப்பி ஏற்றம் பார்த்து நிறுத்தினேன்.

"தேசிக்காய் ஈக்கா?"

பையில் மிச்சமிருந்ததை எடுத்துக் கொடுத்தேன். முதலாளி குனிந்து அதைப் பின் டயரோடு ஒட்டி, பின்பக்கமாக வைத்தார். மருமகன் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"இதுலேர்ந்து காரை எடுங்க. காய் நசுங்கக் கூடா. மொதல்ல டிரைவர்."

எனக்கு அது வேலையே இல்லை. மேலே ஏறும்போது லொறியோடு ஒரு நாளைக்கு நாலு தரம் அதே இடத்தில் எடுக்கிறேன். லொறி ஒரு முழம் பின்னால் போனால் பின்னால் பள்ளம்தான். கிளச் பிடிக்கிற இடம் வந்ததும் காலில் ஒரு நடுக்கம் தெரியும். அப்போது ஹேண்ட் பிரேக்கை விடவேண்டும். அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. எடுத்தேன். முதலாளி தேசிக்காயைத் தூக்கி இடது கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். முழுசாக இருந்தது.

திரும்ப நிறுத்தினேன். அதே காயை வைத்தார். மருமகன் ஏறினார். எஞ்சின் கத்தியது. டயர் சுற்றியது. கல் பறந்து கணக்கப்பிள்ளையின் முழங்காலில் பட்டது. கார் முன்னால் போகும் முன் ஒரு முழம் பின்னால் வந்தது.

காய் சப்பட்டை.

"ஊறுகாய்க்கு ஆகும்," என்றாள் என் மனைவி.

மருமகன் இறங்கினார். நல்ல பிள்ளை, அவராகவே கேட்டார்.

"மாமா, இந்த வருசம் ரேஸ் ஸ்டாட் எங்க வெச்சிருக்காங்க?"

"ஏத்தத்துல," என்றார் முதலாளி. "போன மாசம் போய்ப் பாத்தேன். மண்ணு. ஏத்தம் இதவிடக் கொஞ்சம் கொறைவு." ஸ்டொப்வொட்சைக் கழுத்திலிருந்து கழற்றி மருமகன் கழுத்தில் போட்டார். "நீங்க இதப் பிடிங்க. டிரைவர் ஓட்டட்டும்."

என்னிடம் ஒன்று கேட்டார். "தியத்தலாவயில முனி ஈக்காரா?"

"இல்ல மொதலாளி."

"நல்லா விசாரிச்சுட்டு வாங்க."

கணக்கப்பிள்ளை சிரித்துச் சிரித்து முழங்காலைத் தேய்த்தார்.

நான் கீழே குனிந்து ரோட்டோரச் செடியில் ஒரு பிடி கொழுந்து கிள்ளினேன். அன்றைக்குப் போடாதது பாக்கி இருந்தது. கல்லடியில் போட்டேன். கணக்கப்பிள்ளை வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். தோட்டத்துக் கொழுந்து அல்லவா.

ஏப்ரலில் தியத்தலாவைக்குப் போனோம். எங்கள் லயத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள். வடையும் வந்தது. பேக்கரிக்காரர் வந்திருந்தார், இந்தத் தடவை மணல் மூட்டையோடு. வெற்றிலை அம்மாவும் வந்திருந்தார். எனக்குப் பக்கத்துக் கோடு அவருடையதுதான்.

"புது ஆளா?" என்றார் சிங்களத்தில்.

"கார் பழசு. நான் புதுசு," என்றேன்.

துப்பினார். என் பக்கம் விழவில்லை. மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

பத்தொன்பது கார். எனக்குக் கடைசி வரிசை. டேஷ்போர்டு இருந்த இடத்துத் தகரத்தில் என் மனைவி ஈரத்துணியில் ஒரு பிடி கொழுந்தைச் சுற்றி வைத்திருந்தாள். அதை நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

கொடி இறங்கியது. முன்னால் நின்ற கார்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மண்ணைத் தோண்டின. ஒன்றும் தெரியவில்லை, சிவப்புத் தூசி. என் காலில் அந்த நடுக்கம் வந்தது. ஹேண்ட் பிரேக்கை விட்டேன். கொழுந்து லொறியை எடுப்பதுபோல எடுத்தேன். முதல் வளைவு வருவதற்குள் ஆறு கார் எனக்குப் பின்னால் இருந்தது. அதில் வெற்றிலை அம்மா இல்லை. அவரை யாரும் முந்துவதில்லை.

பிறகு நாலு சுற்று. இரண்டு தரம் சரியாகத் திரும்பவில்லை. ஒரு தரம் பேக்கரிக்காரரின் மணல் மூட்டை என் முன்னால் விழுந்தது. மற்றபடி நன்றாகப் போனது. மூன்றாவது சுற்றில் நான் பாட்டுக்கு விசிலடித்துக்கொண்டிருந்ததை நானே கேட்டேன்.

முடிந்து வந்தபோது மருமகன் ஓடிவந்து கதவைத் திறந்தார். லயத்து ஆட்கள் காரைச் சுற்றி நின்றார்கள். யாரோ என் வாயில் வடையைத் திணித்தார்கள். முதலாளி மெதுவாக நடந்து வந்தார். சட்டைப் பையிலிருந்து கொப்பியை எடுத்தார்.

"என்னய முந்தல," என்றார். "அதுவும் நல்லதுதான்."

பேனாவை என்னிடம் நீட்டினார். "ஓட்டின ஆள்தான் எழுதோணும்."

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. இலக்கம் வரும். கையைத் துடைத்துக்கொண்டு, அவருடைய கடைசி வரிக்குக் கீழே எழுதினேன்.

8